நெய்க்கு யார் பொறுப்பு

எந்தச் சங்கத்தின் ஆண்டறிக்கை கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். முன்பக்கங்களில் தலைவர் உரை இருக்கும், செயலர் உரை இருக்கும், பொன்னாடை போர்த்தும் படங்கள் இருக்கும். அச்சு மங்கலில் யார் யாருக்குப் போர்த்தினார்கள் என்று தெரியாது. பின்பக்கங்களில், ஆடிட்டரின் முத்திரைக்கு மேலே, வரவும் செலவும் எதிரெதிராக நிற்கும். பொதுக்குழுவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கே ஒரே ஒரு எண்ணைத்தான் தேடுவார்கள். வங்கியில் எவ்வளவு இருக்கிறது? போன வருஷத்தைவிடக் கூடியிருந்தால், ‘பரவாயில்லை, நன்றாகத்தான் நடத்துகிறார்கள்’ என்று சொல்லிவிட்டுக் காப்பிக்கு எழுந்துவிடுவார்கள்.

அந்த எண்மீது எனக்கு நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. ஒழுகுகிற கூரையைச் சரிசெய்யாமல் விட்டால் வங்கி இருப்பு கூடும். கணக்கர் ஓய்வுபெற்றுப் போன இடத்தை நிரப்பாமல் இழுத்தடித்தாலும் கூடும். யாரோ ஒருவர் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று பெருந்தொகை கொடுத்து, அந்தக் காரியம் இன்னும் தொடங்காமல் கிடந்தால் இன்னும் அழகாகக் கூடும். நான் தேடுவது வேறு. செலவுப் பக்கத்தில் மின்சாரம், தண்ணீர், துப்புரவு, பழுதுபார்ப்பு, சம்பளம், ஆடிட்டர் கட்டணம் என்று ஒரு வரிசை நிற்கும். அதற்கு நேர் எதிரே, ‘இன்னதற்குத்தான்’ என்ற நிபந்தனை இல்லாமல் எவ்வளவு பணம் வந்திருக்கிறது, அதை எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஐந்தாறு வருஷத்து அறிக்கைகளை வரிசையாக வைத்து இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும், அந்த அமைப்பு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

இதைப் பற்றி யோசிக்க லக்ஷ்மிபாய் நகரைவிடப் பொருத்தமான இடம் தில்லியில் இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டை ஒட்டி, சரோஜினி நகருக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருக்கிற மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு அது. முருங்கைக்காயும் தேங்காயும் கறிவேப்பிலையும் மீனும் வாங்க மற்ற பேட்டைத் தமிழர்கள் மெட்ரோ பிடித்து வர வேண்டிய மார்க்கெட்டுக்கு, இங்கே இருப்பவர்கள் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினால் போதும். ஆனால் அந்த வீடுகளில் ஒன்றும் அவர்களுடையது இல்லை. ஓய்வுபெற்ற சில மாதங்களில் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அடுத்த வீட்டுக்காரரும் அப்படித்தான், மாடி வீட்டுக்காரரும் அப்படித்தான். இப்படி எல்லோருமே ஒருநாள் போய்விடப் போகிற பேட்டையில் போகாமல் நிற்கிற ஒன்று, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. டி.டி.இ.ஏ. என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

கழகத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. 1923இல் மதராஸி கல்விச் சங்கம் என்று தொடங்கியது. அப்போது அரசாங்கமே கோடைக்குச் சிம்லா, குளிருக்குத் தில்லி என்று மூட்டை கட்டிக்கொண்டு மலையேறி இறங்கிக்கொண்டிருந்த காலம். செக்ரடேரியட்டில் குமாஸ்தாக்களாக வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பிள்ளைகளும் கூடவே ஏறி இறங்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. புதுதில்லி முறைப்படி திறக்கப்பட்டது 1931இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், தலைநகருக்கு முன்பே அதன் மதராஸிப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது என்று சொல்லலாம். மதராஸி என்ற பெயர் மெல்ல உதிர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் மொழிக்கொரு சங்கம் வந்தது. தெலுங்கர்களுக்கு 1948இல் துர்காபாய் தேஷ்முக் ஆந்திரக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். தமிழர்களின் பங்காக இன்று ஏழு பள்ளிகள் இருக்கின்றன: மந்திர் மார்க், லோதி வளாகம், லக்ஷ்மிபாய் நகர், மோதிபாக், பூசா சாலை, ராமகிருஷ்ணாபுரம், ஜனக்புரி. இந்தப் பட்டியலைப் படித்தால் பாதிக்குமேல் அரசு ஊழியர்களின் குடியிருப்பு வரைபடத்தைப் படித்தது போலிருக்கும். சொந்த வீடு இல்லாதவர்கள் சேர்ந்து கட்டிய பள்ளிகள் இவை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கும்போது இதுதான் முதல் சிக்கல் என்பதால் சொல்கிறேன்.

தில்லியில் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 1973ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் 95 சதவீத மானியம் உண்டு. ஆசிரியர் சம்பளத்தில் 95 பங்கு அரசாங்கம் தரும், மீதி 5 பங்கை நிர்வாகம் போட வேண்டும். கேட்கிறவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கிடைக்கிறது, இதில் என்ன கஷ்டம்? கஷ்டம் இருப்பது அந்த ஐந்தில். மானியப் பள்ளியில் கட்டணத்தை நினைத்தபடி உயர்த்த முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின் எட்டாம் வகுப்புவரை கல்வியே இலவசம். ஆகவே ஐந்து பங்கு பிள்ளைகளிடமிருந்து வராது. சங்கத்தின் சொந்தக் கையிலிருந்து வர வேண்டும்.

அந்த ஐந்து பங்கு ரூபாயில் எப்படி வளர்ந்தது என்று பார்க்கலாம். மத்திய அரசு அளவில் ஒரு பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் நான்காவது ஊதியக் குழுவில், 1986இல், 1,400 ரூபாய். ஐந்தாவது குழுவில் 5,500. ஆறாவதில் 17,140. 2016இல் நடப்புக்கு வந்த ஏழாவதில் 44,900. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேர்க்காமல், வெறும் அடிப்படையில் ஐந்து பங்கு என்றால் மாதம் 70, 275, 857, 2,245 ரூபாய். முப்பது ஆண்டில் முப்பத்திரண்டு மடங்கு. 1986இல் யாரோ ஒரு தொலைநோக்குக்காரர் ஓர் ஆசிரியரின் ஐந்து பங்கு எப்போதும் வட்டியிலிருந்தே வரட்டும் என்று வைப்புநிதி போட்டிருந்தால், பத்து சதவீத வட்டிக்கு 8,400 ரூபாய் போட்டிருப்பார். 2016இன் ஐந்து பங்குக்கு, ஏழு சதவீத வட்டியில், கிட்டத்தட்ட 3,85,000 ரூபாய் வேண்டும். போட்டவருடைய 8,400 இன்றும் 8,400ஆகவே இருக்கும். வட்டியை ஆண்டுதோறும் சம்பளத்துக்குக் கொடுத்தாகிவிட்டதே.

லக்ஷ்மிபாய் நகரில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊதியக் குழுவின் அறிக்கை வெளியாகிற அன்று பேட்டையே திருவிழாக் கோலம் பூண்டிருக்கும். வீட்டுக்கு வீடு பழைய சம்பளம், புதிய சம்பளம், நிலுவை என்று பேப்பரின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதே மனிதர் மாலையில் ஏதாவதொரு சங்கத்தின் பொருளாளராக நாற்காலியில் உட்கார்ந்தால், காலையில் இனித்த அதே அறிக்கை கசக்கும். பின்தேதியிட்டு நடப்புக்கு வந்தால் நிலுவையிலும் ஐந்து பங்கு. ஒரே மனிதர், ஒரே அறிக்கை, இடது கையில் வரவு, வலது கையில் செலவு. எட்டாவது ஊதியக் குழு அமைக்க 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோதும் பேட்டை பென்சிலை எடுத்தது. பொருளாளர்கள் என்ன எடுத்தார்களோ.

இனி நன்கொடை. கோயில் டியூப் லைட் நகைச்சுவை எல்லோரும் கேட்டதுதான். உபயதாரர் பெயரைப் பட்டைபட்டையாக எழுதியதில் வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் போனது என்பார்கள். எனக்கு அந்தப் பெயர்கூடப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கொடுத்தவர் பெயர் போட்டுக்கொள்ளட்டுமே. என் கவலை, அந்த விளக்கு எரிகிற மின்சாரத்துக்கு உபயதாரர் யார் என்பதுதான். விசிறி, பீரோ, கம்ப்யூட்டர், ஸ்மார்ட் போர்டு, வாட்டர் கூலர் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வருகிறார்கள். பொருள் வந்து இறங்கிய நாளிலிருந்து அதை ஓட்டுகிற செலவு சங்கத்தின் தலையில் ஏறுகிறது. ஒவ்வொரு நன்கொடையும் அடுத்த பத்தாண்டுக்கான ஒரு சின்னக் கடனையும் கூடவே கொண்டுவந்து இறக்குகிறது. இருப்புநிலைக் குறிப்பில் அது சொத்து என்றுதான் ஏறும். கடன் பக்கத்தில் எழுத எந்த ஆடிட்டருக்கும் விதி கிடையாது.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்திருக்கிறார்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் திருநந்தா விளக்கு வைத்த செய்திகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படும். விளக்கைப் பற்றிய பேச்சு கொஞ்சம்தான், நெய்யைப் பற்றிய பேச்சு அதிகம். ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு உழக்கு நெய். அதற்கு 96 ஆடு. சில ஊர்களில் 90. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் இதற்கு ஈடாக 48 பசு, அல்லது 16 எருமை என்று மாற்று விகிதமும் இருக்கிறது. ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதினார்கள். சாகாத, கிழடாகாத ஆடு என்று ஒன்று உலகத்தில் இல்லை என்பது எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும். செத்ததற்கு ஈடாகக் குட்டி நிற்க வேண்டும், கணக்கில் எப்போதும் 96 இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கொடையாளி கொடுத்தது ஓடுகிற செலவை. ஒருநாள் செலவை அல்ல, சூரிய சந்திரர் உள்ளவரைக்குமான செலவை. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆட்டிலிருந்து வருவது நெய், விளக்குக்கு வேண்டியதும் நெய். நடுவில் காசு இல்லை. நெய் விலை பத்து மடங்கு ஏறினாலும் 96 ஆட்டுக்கு உழக்கு நெய் உழக்குதான். விலைவாசி என்ற பூச்சி அரிக்க முடியாத மூலநிதி அது. அதே தஞ்சையில் காசாகவும் முதல் வைத்தார்கள். ஊர்ச்சபைகள் அதை வாங்கிக்கொண்டு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை சதவீதம் வட்டி கட்ட ஒப்புக்கொண்டன. இன்றைய வைப்புநிதிக்காரர்கள் பெருமூச்சு விடுகிற வட்டி.

ஆனால் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் அது அறநூல் போல் ஆகிவிடும். ஆடு சாகாது என்று கல்லில் வெட்டிவிட்டார்கள், சரி. நோய் வந்து மந்தை பாதியானால் என்ன செய்தார்கள்? அந்த நட்டம் இடையர் தலையில். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடு ஏற்ற இடையரின் பெயரும், அவரோடு பொறுப்பேற்கிற உறவினர் பெயர்களும் வரிசையாக வருகின்றன. அவரால் முடியாவிட்டால் அவருடைய உறவினர், பிறகு அவர்களுடைய உறவினர், நெய் மட்டும் நிற்கக் கூடாது. அரசியும் அதிகாரியும் கொடையாளி என்று பெயர் வாங்கினார்கள். மழையிலும் நோயிலும் ஆட்டைக் காப்பாற்றி விளக்கை எரியவைத்தது ஓர் இடையர் குடும்பம். இத்தனைக்கும் பிறகு சபைகள் மறைந்தன, ஏற்பாடு மறைந்தது, வட்டி நின்றது. முதலை அழியாமல் காப்பது எப்படி என்பதற்குச் சோழர்களிடம் பதில் இருந்தது. பொறுப்பேற்கிற ஊரே இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடமும் பதில் இல்லை.

இன்று இடையர் வேலையைப் பார்ப்பவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். சம்பளம் மூன்று மாதம் தாமதமானாலும் வகுப்புக்கு வருகிற ஒப்பந்த ஆசிரியர். ஒரே ஆளாக வாசலையும் கழிவறையையும் மோட்டாரையும் பார்த்துக்கொள்கிற சௌகிதார். பென்ஷன் வாங்கிக்கொண்டு, பஸ் காசுகூட வாங்காமல், வாரம் மூன்று நாள் வந்து வவுச்சர்களை அடுக்குகிற பழைய செக்‌ஷன் ஆபீசர். சிறு அமைப்புகளின் நட்டத்தை இவர்கள்தான் சுமக்கிறார்கள். அந்தச் சுமை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால்தான் கணக்கு நேராகிறது. அந்தப் பழைய செக்‌ஷன் ஆபீசர் மகன் வீட்டுக்கு பெங்களூர் போய்விட்டால், அவர் இடத்துக்கு ஒரு கணக்கரைச் சம்பளத்துக்கு வைத்த மாதத்தில், ‘நிதிநிலை மோசமாகிவிட்டது’ என்று பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து சொல்வார். மோசமாகவில்லை. இதுவரை மறைந்திருந்தது தெரிய வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூலநிதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடம் பலமாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளுக்குப் போய்ப் பாருங்கள். தந்தை பெயரிலும் தாய் பெயரிலும் ஆசிரியர் பெயரிலும் நிறுவிய அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் அலமாரி அலமாரியாக இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பத்தாயிரம் ரூபாய் போட்டவருக்கு வங்கி பன்னிரண்டு சதவீதம் கொடுத்தது. 1,200 ரூபாயில் வெளியூர்ப் பேச்சாளரை ரயிலில் வரவழைத்து, சாப்பாடு போட்டு, சால்வையும் போர்த்தி அனுப்பலாம். இன்று அதே பத்தாயிரத்துக்கு வருவது அறுநூறோ எழுநூறோ. பேச்சாளரின் ஆட்டோவுக்கே இழுபறி. அதனால் நாலைந்து அறக்கட்டளைகளைச் சேர்த்து ஒரே பிற்பகலில் முடிக்கிற வழக்கம் வந்துவிட்டது. ஒருவரே சங்க இலக்கியம் பற்றி ஒன்றும் சமயம் பற்றி ஒன்றும் அடுத்தடுத்துப் பேசுவார். கொடையாளியின் சொல் காப்பாற்றப்படுகிறது. முதல் குறையவே இல்லை. சட்டப்படி எல்லாம் சரி. சொற்பொழிவுதான் செத்துவிட்டது.

சட்டமும் இதில் ஒரு கை போடுகிறது. வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவழித்தாக வேண்டும். மீதி 15 சதவீதத்துக்குமேல் சேர்த்துவைக்க, காரணம் காட்டிப் படிவம் போட வேண்டும். கொடுப்பவர் ‘இது மூலநிதிக்கு’ என்று குறிப்பிட்டுக் கொடுத்தால்தான் தொகை முழுதும் முதலாக நிற்கும். பணத்தைப் பதுக்கும் போலி அறக்கட்டளைகளைப் பிடிக்க வந்த விதி இது. நியாயமானதுதான். ஆனால் மழைக்காலத்துக்கென்று நாலு காசு எடுத்துவைக்க நினைக்கிற சின்னச் சங்கத்தையும் அதே வலை பிடிக்கிறது. ஒருமுறை பதிவுசெய்தால் போதும் என்றிருந்ததை 2021 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொன்னார்கள். சிறியவற்றுக்கு மட்டும் 2025இல் பத்தாண்டாகத் தளர்த்தினார்கள். வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது வாங்குகிற ஒவ்வொருவரின் அடையாள எண்ணையும் சேகரித்து அரசுக்கு ஆண்டுதோறும் பட்டியல் அனுப்ப வேண்டும். ஐந்நூறு ரூபாய் கொடுக்கிறவருக்கும் ஐந்து லட்சம் கொடுக்கிறவருக்கும் எழுத்து வேலை ஒன்றேதான். ஆகவே செயலர்கள் இயல்பாகவே ஐந்து லட்சத்துக்காரரின் பக்கம் சாய்கிறார்கள், நூறு ஐந்நூறு ரூபாய்க்காரர்களின் வீட்டுப் படியேறுவது நின்றுபோகிறது. போதாக்குறைக்குப் புதிய வரித்திட்டத்தில் 80ஜி கழிவே கிடையாது. மாதச் சம்பளக்காரரின் பேட்டையில் மார்ச் மாத ரசீதுப் புத்தகத்துக்கு இருந்த மவுசு இதனால் குறைந்திருக்கும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பள்ளிகளில் படித்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பழைய மாணவர் பணம் அனுப்ப நினைத்தால் அது வெளிநாட்டுப் பணம். அதை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் சன்சத் மார்க் ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கும் வேண்டும். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அந்தக் கிளை பக்கம்தான், அது ஒரு சௌகரியம்.

பேட்டைக்குப் பெயர் தந்த ஜான்சி ராணி லக்ஷ்மிபாய்க்கும் இப்படியொரு கணக்கு வழக்கு இருந்தது. கணவர் கங்காதர ராவ் 1853இல் இறந்ததும், தத்துப் பிள்ளை தாமோதர ராவுக்கு அரசுரிமை இல்லை என்று டல்ஹௌசி 1854இல் ஜான்சியை எடுத்துக்கொண்டார். ராணிக்கு மாதம் 5,000 ரூபாய் பென்ஷன். ராஜாவின் சொந்தப் பணம், சுமார் ஆறு லட்சம், தாமோதர ராவுக்கு உரியது என்று ஒப்புக்கொண்டு, அவன் வயதுக்கு வரும்வரை கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டது. பிள்ளையின் பூணூல் கல்யாணத்துக்கு அதிலிருந்து ஒரு லட்சம் கேட்டார் ராணி. ஜாமீன் கொடுத்தால்தான் எடுக்கலாம் என்று பதில் வந்தது. ஆறு லட்சம் இருக்கிறது, எடுக்க முடியாது. பத்திரமாக இருக்கிற பணத்துக்கும் பயன்படுகிற பணத்துக்கும் நடுவே உள்ள தூரம் அவருக்குத் தெரிந்திருக்கும். 1858இல் குவாலியர் அருகே அவர் போரில் விழுந்த இரண்டு ஆண்டுக்குள் சங்கப் பதிவுச் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். தில்லியின் பெரும்பாலான சங்கங்கள் இன்றும் அந்த 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான் மூச்சு விடுகின்றன.

சோழர் காலத்து நெய்க் கொடைக்கு நம் நாளில் கிட்டத்தட்ட ஒத்துவருவது ஹார்வர்டு தமிழ் இருக்கை. மருத்துவர்கள் ஜானகிராமனும் சம்பந்தமும் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் போட்டுத் தொடங்கினார்கள். தேவை 60 லட்சம் டாலர். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் பத்தும் நூறுமாகக் கொடுத்து 2018இல் தொகை நிறைந்தது. அவ்வளவு பணமும் எதற்கு? ஒரு பேராசிரியரின் சம்பளத்துக்கு. கட்டடம் இல்லை, கல்வெட்டு இல்லை, சிலை இல்லை. ஓடுகிற செலவுக்கு என்று கேட்டால் தமிழர்கள் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் சிரிப்பும் வருகிறது. அந்த ஆண்டில் ஹார்வர்டின் சொந்த மூலநிதி சுமார் 3,900 கோடி டாலர். உலகத்திலேயே பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கு ஆடு ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறோம். ஐந்து பங்குக்குத் திண்டாடுகிற பள்ளிக்கூடங்களின் தமிழாசிரியருக்கு இருக்கை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் பணம் வந்திருக்குமோ என்னமோ. இதில் ஹார்வர்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்பாடு உறுதியாக இருக்கும், நாளைக்கும் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் என்று நம்பினார்கள், கொடுத்தார்கள். சிறு அமைப்புகளிடம் மக்கள் எதிர்பார்ப்பதும் அந்த நம்பிக்கையைத்தான்.

அந்த நம்பிக்கைக்குத்தான் பேட்டை சோதனை வைக்கிறது. கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பினார்கள். 2016இல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உட்பட ஏழு குடியிருப்புகளில் சுமார் 13,000 வீடுகளை எடுத்துவிட்டுச் சுமார் 25,000 வீடு கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அரசாங்கமேகூட இதற்குக் கஜானாவைத் திறக்கவில்லை. நௌரோஜி நகரில் வணிக இடம் கட்டி விற்று அந்தப் பணத்தில் வீடு என்பது திட்டம். மரம் வெட்டுவதை எதிர்த்து 2018இல் பேட்டைக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள், உயர் நீதிமன்றம் தடை போட்டது, அது தனிக்கதை. என் கவலை, காலியான வீடுகளில் இருந்த குடும்பங்கள். சுற்றியுள்ள பேட்டைகள் காலியானால் நடந்து வருகிற பிள்ளைகள் குறைவார்கள். வீடுகள் மீண்டும் நிரம்பலாம், அதே பிள்ளைகள் வர மாட்டார்கள். ஓய்வுபெற்ற தமிழர்கள் துவாரகையிலும் மயூர் விஹாரிலும் குர்காவிலும் சொந்த பிளாட் வாங்கிப் போய்விட்டார்கள், மீதிப் பேர் சென்னைக்கும் கும்பகோணத்துக்கும். மத்திய அரசின் குமாஸ்தா வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டமாக ரயிலேறிய தலைமுறை முடிந்துவிட்டது. இந்தப் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் மாதம் பத்து ரூபாய் சந்தா கட்டியவர்கள் அந்தக் குமாஸ்தாக்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரே தடவையில் ஒரு லட்சம் கொடுக்க வசதியுள்ளவர்கள், கொடுக்கவும் செய்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் தொகை கூடத்தான் இருக்கும். ஆனால் மாதம் பத்து ரூபாய்க்காரர் ஆயிரம் பேர் இருந்தால், அதில் ஐம்பது பேர் போனாலும் சங்கம் நடக்கும். ஒரு லட்சம் கொடுக்கிற நாலு பேரில் ஒருவருக்குச் செயலரோடு மனத்தாங்கல் வந்தால் அந்த வருஷம் பெயின்ட் அடிக்க முடியாது.

ஆகவே யாராவது என்னிடம் ஒரு சங்கம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், கொடுத்தவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்பேன். பதில் அநேகமாக இருக்காது, அந்தத் தகவலை யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். நன்கொடையாளர் பட்டியலை ஆடிட்டருக்காகத் தயாரிக்கிறார்கள். தங்களுக்காகப் படிப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய அமைப்பின் பொதுக்குழுவில் இதை வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கூடத்துக்கு ஏ.சி. உபயம் செய்ய இரண்டு பேர் முன்வந்திருந்தார்கள், கைதட்டல் முடிந்திருந்தது. நான் எழுந்து, ஏ.சி. வரட்டும், கூடவே பன்னிரண்டு மாதத்துக்கும் மின்கட்டண உபயதாரர் பன்னிரண்டு பேர் வேண்டும், மாதத்துக்கொரு பெயர் வாசல் பலகையில் எழுதிவிடலாம் என்றேன். சிரித்தார்கள். பொருளாளர் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்தார். பெயர் கொடுக்கச் சொன்னதும் மூன்று கைகள் உயர்ந்தன. மூவருமே மார்ச் மாதத்தைக் கேட்டார்கள். தில்லியில் ஹீட்டர் நின்று ஏ.சி. தொடங்காத மாதம் அது, பில் குறைவு. ஒருவர் மட்டும் 80ஜி ரசீது அதே மாதத்துக்குள் கிடைக்குமா என்று கூடுதலாகக் கேட்டார். ஜூன் மாதத்துக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.